நான்காம் நாள் நாடித்துடிப்பு: மதுவும் நிகோட்டினும் மாற்றிவைத்த மூளைப் புரதங்கள்

குடி, புகை இரண்டும் உள்ள ஒருவர் எந்தக் காரணத்துக்காகவோ ஆஸ்பத்திரியில் படுத்தால், இரண்டும் ஒரே நாளில் நின்றுபோகும். குடி நின்றதால் வருவதை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். புகை நின்றதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விசாரணைப் படிவத்தில் அதற்கு ஒரு டிக் போட்டதோடு சரி. அந்த டிக்குக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டத்தான் இந்த நிகழ்வு.

இங்கே வரும் நோயாளி ஒரு தனி மனிதர் அல்ல. இப்படிப்பட்டவர்களிடம் வழக்கமாகக் காண்பவற்றைச் சேர்த்துப் பாடத்துக்காக உருவாக்கிய ஆள். ஆய்வு முடிவுகளும் மருந்து விவரங்களும் உண்மையானவை.

வந்த விதம்

44 வயது ஆண், கிடங்கு மேற்பார்வையாளர். இரவு ஏழு மணிவாக்கில் படிக்கட்டில் தவறி விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து வந்தார். விழுந்தபோது குடித்திருந்தார் என்பது வாடையிலேயே தெரிந்தது. எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, "விசேஷம்னா கொஞ்சம்" என்றார். புகை? "ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், சில நாள் ஒண்ணரை." அதை ஒளிக்கவில்லை. காலையில் கண் விழித்ததும் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே முதல் சிகரெட் என்றும் சொன்னார். நிகோட்டின் அடிமைத்தனத்தின் ஆழத்தை அளக்க இந்த ஒரு பதிலே பாதி போதும். எழுந்த ஐந்து நிமிடத்துக்குள் பற்றவைப்பவர் கடுமையான பிரிவில் வருவார்.

மீதியை வராந்தாவில் அவர் மனைவி சொன்னார். "தினமும்தான் டாக்டர். அரை பாட்டில் இல்லாம தூங்க மாட்டாரு. காலையில கை நடுங்குதுன்னு கொஞ்சம் ஊத்திக்குவாரு. மூணு வருஷம் முன்னாடி தானா நிறுத்தப் பார்த்தாரு, ரெண்டாம் நாளே வலிப்பு வந்திருச்சு."

முந்தைய வலிப்பு பற்றிய இந்தக் கடைசி வரி அன்றே கேஸ் ஷீட்டில் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை.

ரத்தப் பரிசோதனை மனைவி பக்கம்தான் பேசியது. சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரியவை. கல்லீரல் நொதிகளில் ஏஎஸ்டி, ஏஎல்டியைப் போல இரண்டு மடங்கு. ஜிஜிடி உயர்வு. மக்னீசியமும் பொட்டாசியமும் குறைவு. தலை சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை.

முதல் மூன்று நாள்

இனி வரும் மணிக்கணக்கு எல்லாம் கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து. கடைசி சிகரெட்டும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

14ஆம் மணியில் அறுவை சிகிச்சை நடந்தது. தண்டுவட மயக்கம், தகடு பொருத்தினார்கள், பிரச்சினை எதுவும் இல்லை. அப்போதே விரல்களில் லேசான நடுக்கம் இருந்தது, தியேட்டர் குளிர் என்று விட்டுவிட்டார்கள். 22ஆம் மணியில் நாடித்துடிப்பு 112, நெற்றியில் வியர்வை. வலி என்று எண்ணி டிரமடால் எழுதப்பட்டது. டிரமடால் வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்தும் மருந்து, அதனால் இவருக்குக் கொடுத்திருக்கவே கூடாது. 29ஆம் மணியில் உடல் முழுவதும் வெட்டி இழுத்த வலிப்பு, இரண்டு நிமிடத்துக்குள் அடங்கியது. மறுபடி எடுத்த ஸ்கேனும் சுத்தம்.

மூளையின் துடிப்பை அடக்கும் லோராசெபாம் ஊசி, மக்னீசியம், ரத்தக்குழாய் வழியே தையமின் (வைட்டமின் பி1) 500 மி.கி. தினம் மூன்று வேளை. டிரமடால் நிறுத்தப்பட்டு மார்ஃபின் வந்தது. கல்லீரல் தளர்ந்தவர் என்பதால் டயசெபாமை விட லோராசெபாம் பொருத்தம். அதன் சிதைபொருள்கள் உடலில் தங்கி வேலை செய்வதில்லை.

60ஆம் மணியில் சித்தப்பிரமை. இடம் தெரியவில்லை, நாள் தெரியவில்லை. போர்வையிலிருந்து இல்லாத நூலை இழுத்து இழுத்துச் சுருட்டினார். இடையிடையே வலது கையின் இரண்டு விரல்களை உதட்டருகே கொண்டுபோய், கன்னம் குழிய இழுத்து, மெல்ல ஊதினார். பிறகு கட்டிலின் ஓரத்தில் ஆள்காட்டி விரலால் சாம்பலைத் தட்டிவிட்டார். அதைப் பார்த்த செவிலியர் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். வேறு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மதுவின் பக்கம்: எந்தப் புரதம், என்ன மாற்றம்

எத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு. மூலக்கூறு எடை 46, நிகோட்டினுக்கு 162. உருவம் சிறிது என்பதால் எந்த ஒரு புரதத்தோடும் இறுக்கமாகப் பிணைய அதற்கு வாய்ப்பில்லை. அதனால்தான் கிராம் கணக்கில் தேவைப்படுகிறது. பல நாடுகள் வண்டி ஓட்ட வைத்திருக்கும் வரம்பான 100 மில்லி ரத்தத்துக்கு 80 மி.கி. என்பது சுமார் 17 மில்லிமோலார். நிகோட்டின், மில்லிமோலாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான நானோமோலார் அளவிலேயே மூளையில் வேலையைத் தொடங்கிவிடும். ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் போவது ஏறக்குறைய 1 மி.கி.தான், ஒரு முறை ஊற்றும் மதுவிலோ 10 கிராமுக்கு மேல் எத்தனால். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்.

மது செல்லின் கொழுப்புச் சவ்வைக் கரைத்துத் தளர்த்துகிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். மேயர், ஓவர்ட்டன் இருவரும் 1900ஐ ஒட்டி, ஒரு மயக்கப்பொருள் கொழுப்பில் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு வீரியம் உண்டு என்று காட்டியதிலிருந்து வந்த நம்பிக்கை அது. 1984இல் ஃபிராங்க்ஸும் லீபும் மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் புரதத்தை, கொழுப்பு துளியும் இல்லாமல் தனியே எடுத்து, அதில் மயக்கப்பொருள்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். வீரியத்துக்கு ஏற்ற வரிசையில் அந்தப் புரதத்தின் ஒளி மங்கியது. கொழுப்பே இல்லாத இடத்திலும் விளைவு வந்தால் குறி புரதம்தானே. 1989இல் லவிஞ்சர் குழு, குடிப்பவர் ரத்தத்தில் இருக்கும் அதே அளவு மதுவே என்எம்டிஏ என்ற ஏற்பியின் (ஏற்பி என்பது நரம்புச் செல்லில் வேதிச் செய்தியை வாங்கும் புரதம்) மின்னோட்டத்தைக் குறைப்பதைக் கண்டது. 1997இல் மிஹிக் குழு காபா-ஏ, கிளைசின் ஏற்பிகளில், சவ்வுக்குள் புதைந்த பகுதியில் குறிப்பிட்ட அமினோ அமிலங்களை மாற்றினால் மதுவின் விளைவு காணாமல் போவதைக் காட்டியது.

காபா-ஏ மூளையை அடக்கும் ஏற்பி, என்எம்டிஏ தூண்டும் ஏற்பி. மது முதலாவதற்குத் துணை போகிறது, இரண்டாவதை அமுக்குகிறது. சாதாரணக் குடிகாரரின் போதைக்கு காபா-ஏ ஏற்பியில் நேரடியாக ஒட்டுவது எவ்வளவு காரணம், அந்த ஏற்பியைத் திறக்கும் காபா என்ற வேதிப்பொருள் அதிகமாகச் சுரப்பது எவ்வளவு காரணம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நம் நோயாளிக்கு அந்த வாதம் முக்கியமில்லை. அவருக்கு நடந்தது வருடக்கணக்கான தகவமைப்பு.

தினமும் மது வந்தால் நரம்புச் செல் தன் புரதத் தொகுப்பையே மாற்றிக்கொள்கிறது. காபா-ஏ ஏற்பி ஐந்து துண்டுகள் சேர்ந்தது. அதில் ஆல்பா1 துண்டுள்ள ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன, ஆல்பா4 துண்டுள்ளவை கூடுகின்றன. என்எம்டிஏ ஏற்பிகள் பெருகுகின்றன, குறிப்பாக குளுஎன்2பி துண்டு கொண்டவை. கால்சியம் வாய்க்கால்களும் கூடுகின்றன. ஒரு கதவை வெளியிலிருந்து ஒருவர் வருடக்கணக்காகச் சாய்ந்து அழுத்த, உள்ளிருப்பவரும் அதே பலத்தில் எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தால், பார்ப்பவருக்கு அது அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். வெளியே இருந்தவர் சட்டென விலகியது 29ஆம் மணியில் தெரிந்தது. மது ரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் போய்விடும், ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்ப நாள்களும் வாரங்களும் ஆகும். அந்த இடைவெளிதான் வலிப்பு. அதனால்தான் வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணிக்குள்ளும் சித்தப்பிரமை 48 முதல் 96 மணிக்குள்ளும் வருகின்றன.

லோராசெபாம் ஒட்டுவது காபா-ஏ ஏற்பியின் ஆல்பா, காமா துண்டுகளுக்கு நடுவில். ஆல்பா4 இருந்தால் இந்த வகை மருந்துகள் அங்கே ஏறக்குறைய வேலை செய்யாது. நெடுநாள் குடித்தவருக்கு மற்றவர்களைத் தூங்கவைத்துவிடும் அளவு கொடுத்தும் கண் மூடாமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். இவருக்கும் முதல் நாள் எழுதிய அளவு போதவில்லை.

தையமினும் புரதக் கதைதான். டிரான்ஸ்கீட்டோலேஸ், ஆல்பா-கீட்டோகுளூட்டரேட் டிஹைட்ரோஜினேஸ் ஆகிய நொதிகள் தையமின் இல்லாமல் குளுக்கோஸைக் கையாள முடியாது. தையமினைக் குடலில் உள்ளே எடுத்துவரும் கடத்திப் புரதங்களை மது குறைத்துவிடுகிறது. இந்த நொதிகளுக்கு மக்னீசியமும் வேண்டும். மக்னீசியம் குறைந்த நோயாளிக்கு எவ்வளவு தையமின் கொடுத்தாலும் பலன் குறைவாக இருப்பது அதனால்தான். இவருக்குக் கண் அசைவு சரியாக இருந்தது, நடையைச் சோதிக்கக் கால் இடம் தரவில்லை. தையமின் குறைவால் மூளையைத் தாக்கும் வெர்னிக்கி நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் இருப்பதாகவே வைத்துச் சிகிச்சை கொடுப்பதுதான் சரி.

நான்காம் நாள்

90ஆம் மணியில் தெளிவு வந்தது. பெயர், இடம், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னார். எல்லோரும் நிம்மதியான மாலையில் பிரச்சினை வேறு வழியாக வந்தது. தட்டைத் தள்ளிவிட்டார். கட்டுப் போட்ட காலோடு இறங்கப் பார்த்தார். மனைவியிடம், "என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா இல்லையா" என்று கத்தினார். இரவு தூக்கம் சுத்தமாக இல்லை. பணியில் இருந்த இளம் டாக்டர், குடி நின்றதன் கடுமையை அளக்கும் சிவா-ஏஆர் அளவுகோலில் மதிப்பெண் போட்டார். பதற்றம், அமைதியின்மை, தலைவலி ஆகியவற்றிலேயே மதிப்பெண் ஏறிவிட்டது. குடி நின்றதன் மீதி என்று எண்ணி லோராசெபாமைக் கூட்டலாம் என்றார்.

மூத்த டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடித்துடிப்பு 64. கையை நீட்டச் சொன்னார், நடுக்கம் இல்லை. நாக்கு நடுக்கமும் இல்லை. உள்ளங்கை காய்ந்திருந்தது. ரத்த அழுத்தம் சாதாரணம்.

மது நின்றால் நாடி வேகமாகும், நிகோட்டின் நின்றால் நாடி மெதுவாகும். எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் இரண்டுக்கும் பொது. பிரித்துக் காட்டுவது நாடியும் வியர்வையும் நடுக்கமும்தான். சிவா-ஏஆரின் பத்து கேள்விகளில் நாடித்துடிப்புக்கு மதிப்பெண்ணே கிடையாது. பக்கத்தில் குறித்துக்கொள்ள இடம் இருக்கும், கூட்டலில் சேராது. அளவுகோலை நான் குறை சொல்லவில்லை. மது நின்ற நோயாளியை அளக்க அது நல்ல கருவி. இரண்டும் நின்றவருக்கு அது ஒரு பாதியைத்தான் பார்க்கும், மற்ற பாதியையும் முதல் பாதியின் கணக்கிலேயே எழுதிவிடும்.

"கடைசியா எப்ப சிகரெட் பிடிச்சீங்க?" என்று கேட்டதும் அவர் சட்டென அமைதியானார். "அதைத்தானே சார் நாலு நாளா யாரும் கேக்கல."

21 மி.கி. நிகோட்டின் பட்டையும், வேண்டும்போது மெல்ல 4 மி.கி. சூயிங்கமும் தரப்பட்டன. அன்று இரவு அவர் ஐந்து மணி நேரம் தூங்கினார். லோராசெபாம் கூட்டப்படவில்லை, மறுநாளிலிருந்து படிப்படியாகக் குறைந்தது. எலும்பு கூடுவதற்கு நிகோட்டின் தடையாகுமே என்று எலும்பு டாக்டர் கேட்டது நியாயமான கேள்வி. பட்டை போடாவிட்டால் அவர் போய்ச் சேரப்போவது சிகரெட்டிடம்தான், அது எலும்புக்கு இன்னும் கெடுதல் என்பதால் பட்டை தொடர்ந்தது.

இன்னொன்றும் கவனிக்கப்பட்டது. அவர் நாளைக்கு நான்கைந்து தடவை ஃபிளாஸ்கிலிருந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். புகையில் உள்ள ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதியைக் கூட்டிவைக்கும். காஃபினைச் சிதைப்பது அந்த நொதிதான். புகை நின்றால் சில நாளில் நொதி குறைந்து, அதே காபிக்கு ரத்தத்தில் காஃபின் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நிகோட்டின் பட்டை இதைத் தடுக்காது, ஏனென்றால் காரணம் நிகோட்டின் அல்ல, புகை. காபி பாதியாகக் குறைக்கப்பட்டது.

நிகோட்டினின் பக்கம்

ஏற்பி என்ற கருத்தே நிகோட்டினால்தான் பிறந்தது எனலாம். 1905இல் கேம்பிரிட்ஜில் லாங்லி, தசையில் நிகோட்டினையும், தசையைச் செயலிழக்கவைக்கும் கியூராரே நஞ்சையும் மோதவிட்டுப் பார்த்து, செல்லில் இவற்றை ஏற்கும் பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதினார். இன்று அதன் பெயர் நிகோட்டினிய அசிட்டைல்கோலின் ஏற்பி. மூளையில் நிகோட்டின் இறுகப் பிடிப்பது முக்கியமாக ஆல்பா4, பீட்டா2 துண்டுகள் சேர்ந்த வகையை. பீட்டா2 மரபணு இல்லாத எலிகள் நிகோட்டினைத் தானாகத் தேடி எடுத்துக்கொள்வதில்லை என்று 1998இல் பிச்சியோட்டோ குழு காட்டியது.

இழுத்த புகை 10 முதல் 20 விநாடிக்குள் மூளைக்குப் போய்விடும். 2006இல் பிராடி குழு பெட் ஸ்கேன் மூலம் பார்த்தபோது, ஒன்றிரண்டு இழுப்பிலேயே இந்த ஏற்பிகளில் பாதி நிரம்பி, சுமார் மூன்று மணி நேரம் அப்படியே இருந்தன. ஒரு முழு சிகரெட்டுக்கு 88 சதவீதத்துக்கு மேல். நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவரின் ஏற்பிகள் விழித்திருக்கும் நேரம் முழுவதும் ஏறக்குறைய நிரம்பியே கிடக்கின்றன என்று பொருள். நிரம்பிய ஏற்பி திறந்தே இருப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் மரத்துப்போய் மூடிக்கொள்ளும்.

இங்கேதான் நிகோட்டின் மதுவிடமிருந்து விலகுகிறது. ஏற்பியை ஒரு பொருள் தொடர்ந்து தூண்டினால் செல் அந்த ஏற்பியைக் குறைத்துக்கொள்ளும் என்பதுதான் மருந்தியல் பாடம். நிகோட்டினுக்கு நேர்மாறு. 1983இல் எலிகளிலும், 1988இல் இறந்த புகைப்பாளர்களின் மூளைகளிலும், நிகோட்டின் ஒட்டும் இடங்கள் கூடியிருப்பது தெரியவந்தது. அந்த ஏற்பிகளைச் செய்ய உத்தரவு கொண்டுபோகும் ஆர்என்ஏ கூடவில்லை என்று 1992இல் வந்த ஆய்வு சொன்னது. புதிய உத்தரவு எதுவும் இல்லாமல் சரக்கு எப்படிக் கூடுகிறது? நிகோட்டின் சவ்வுகளைக் கடந்து செல்லுக்குள்ளேயே போகிறது. புரதங்கள் கோர்க்கப்படும் எண்டோபிளாச வலைக்குள் நுழைந்து, அரைகுறையாகச் சேர்ந்த துண்டுகளைப் பிடித்து ஒழுங்காகக் கோர்க்க உதவுகிறது. வழக்கமாகச் சிதைக்கப்படும் துண்டுகள் முழு ஏற்பிகளாகி மேற்பரப்புக்குப் போகின்றன. ஆக, நிகோட்டின் வேலை செய்யும் இடம் செல்லின் வெளிப்புறம் மட்டுமல்ல, புரதம் உருவாகும் இடமும்தான்.

நிறுத்தினால்? மரத்துப்போன ஏற்பிகள் விழிக்கின்றன, எண்ணிக்கையோ வழக்கத்தைவிட அதிகம். 2009இல் காஸ்குரோவ் குழு புகையை விட்டவர்களைத் தொடர்ந்து ஸ்கேன் செய்தபோது, முதல் மாதம் வரை பீட்டா2 ஏற்பிகள் உயர்ந்தே இருந்து, 6 முதல் 12 வாரத்தில்தான் புகைக்காதவர்கள் அளவுக்கு இறங்கின. நம் நோயாளியின் நான்காம் நாள் இந்த ஏற்றத்தின் நடுவில்.

பட்டை எல்லாவற்றையும் தீர்க்காது என்பதற்கும் ஒரு புரதம் சாட்சி. மூளையில் சுக உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ்-பி, புகைப்பவர்கள் மூளையில் சுமார் 40 சதவீதம் குறைவு என்று 1996இல் ஃபௌலர் குழு கண்டது. அதைக் குறைப்பது நிகோட்டின் அல்ல, புகையின் வேறு பொருள்கள். பட்டை போட்டும் "சிகரெட் மாதிரி இல்ல" என்று நோயாளிகள் சொல்வது வெறும் சாக்கு அல்ல.

இரண்டும் சந்திக்கும் இடம்

இரண்டுமே நடுமூளையின் டோபமைன் செல்களைத் தூண்டி, மூளையின் சுகமையமான அக்கம்பென்ஸில் டோபமைனைக் கூட்டுகின்றன. அந்தச் செல்களின் மேல் நிகோட்டினிய ஏற்பிகள் நிறைய. எலிகளில் மெக்கமைலமைன் கொடுத்து அந்த ஏற்பிகளை அடைத்தால், மது தரும் டோபமைன் ஏற்றமும் குறைகிறது. அதாவது மதுவின் சுகத்தில் ஒரு பங்கு நிகோட்டினிய ஏற்பி வழியாகவே போகிறது. குடிக்கும்போது சிகரெட் கேட்பதும், சிகரெட் பற்றவைத்தால் குடிக்கத் தோன்றுவதும் பழக்கதோஷம் மட்டுமல்ல. டெல்டா-ஃபாஸ்பி என்ற புரதமும் இரண்டாலும் அங்கே சேர்கிறது. மற்ற ஃபாஸ் புரதங்கள் சில மணி நேரத்தில் போய்விட, இது மட்டும் வாரக்கணக்கில் நிலைத்து நின்று மரபணுக்களின் வேலையை மாற்றும்.

குடியை விட்டவர்களில் தொடர்ந்து புகைப்பவர்களின் நினைவாற்றலும் சிந்தனை வேகமும் மற்றவர்களை விட மெதுவாகவே தேறுகின்றன. "முதல்ல குடிய விடட்டும், சிகரெட்ட அப்புறம் பாத்துக்கலாம்" என்ற வார்டுப் பேச்சை நான் ஏற்காததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் இன்னும் நேரடியானது. 1996இல் வெளிவந்த ஹர்ட் குழுவின் ஆய்வு, போதைச் சிகிச்சைக்கு வந்த 845 பேரைப் பின்தொடர்ந்தது. இறந்தவர்களில் காரணம் தெரிந்த 214 பேரில் சுமார் 51 சதவீதம் புகையிலை சார்ந்த மரணம், 34 சதவீதம் மது சார்ந்தது. குடிக்காகச் சிகிச்சைக்கு வந்தவர்களைப் புகைதான் அதிகம் கொண்டுபோயிருக்கிறது.

புகையை விடவைத்தால் குடிக்குத் திரும்பிவிடுவார்கள் என்ற பயத்துக்கு, 2004இல் புரோச்சாஸ்கா குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பதில் சொன்னது: போதைச் சிகிச்சையோடு புகை நிறுத்தும் சிகிச்சையும் பெற்றவர்கள் நீண்டகாலம் விலகி இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் அதிகம். அதே ஆண்டு ஜோசஃப் குழு 499 பேரை வைத்துச் செய்த சோதனையில் மட்டும், புகைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்கள் குடியில் சற்று நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். அந்த ஆய்வை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கையில் நோயாளிக்கு இரண்டும் ஏற்கெனவே நின்றுவிட்டன. தள்ளிப்போடுவது என்றால் மறுபடி பற்றவைக்கச் சொல்வது என்று ஆகிவிடும்.

மருந்துத் தேர்வு, பிறகு நடந்தது

குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் முதலில் நினைவுக்கு வரும் மருந்து. அது மார்ஃபின் வேலை செய்யும் மியூ ஓபியாய்டு ஏற்பியை அடைக்கும், இவர் மார்ஃபினில் இருந்தார். சேர்த்தால் வலி மருந்து செத்துவிடும், அதோடு ஓபியாய்டு விலகல் குறிகளும் வரலாம். குடித்தால் உடம்பைப் புரட்டிப்போடும் டைசல்ஃபிரம் கல்லீரல் நிலையால் விலக்கப்பட்டது. சிறுநீரகம் நன்றாக இருந்ததால் அகாம்ப்ரோசேட் 666 மி.கி. மூன்று வேளை. என்எம்டிஏ ஏற்பியைத் தூண்டும் குளூட்டமேட் பக்கத்துத் துடிப்பை அடக்கும் மருந்தாக இதைக் கருதுகிறோம்.

இரண்டாவது வாரம் பட்டையிலிருந்து, புகையை விட உதவும் வாரெனிக்லின் மாத்திரைக்கு மாற்றம். அது ஆல்பா4-பீட்டா2 ஏற்பியைப் பாதி அளவே தூண்டும், நிகோட்டின் வந்தால் அதற்கு இடம் விடாது. 0.5 மி.கி.யில் ஆரம்பித்து எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். ஏற்பிகள் இறங்கும் 6 முதல் 12 வாரத்தோடு இந்தக் காலம் பொருந்துவது தற்செயலாகவும் இருக்கலாம். 2007இல் எலிகளில் வாரெனிக்லின் மது அருந்துவதையும் குறைத்தது. மனிதர்களில் கிடைத்த முடிவுகள் கலவையானவை. அதனால் அதைக் குடிக்கான மருந்தாக யாரும் சொல்லித் தரவில்லை. இடையில் குடித்தால் போதை வழக்கத்தைவிடக் கடுமையாக ஏறக்கூடும் என்ற எச்சரிக்கை கணவன், மனைவி இருவரிடமும் சொல்லப்பட்டது. முதல் வாரம் குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வந்தன, மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்ததும் குமட்டல் குறைந்தது.

நான்காம் மாதம் ஒரு கல்யாணத்தில் இரண்டு நாள் குடித்தார், கூடவே புகைத்தார். மூன்றாம் நாள் காலையில் தானாகவே வந்தார். முன்பு இரண்டு முறை வலிப்பு வந்தவர். ஒவ்வொரு விலகலும் அடுத்ததைக் கடுமையாக்கும் என்பதால், நடுக்கம் இல்லாதபோதே சேர்க்கப்பட்டு, முதல் மணியிலேயே லோராசெபாம் கொடுக்கப்பட்டது. வலிப்பு வரவில்லை. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இந்த முறை கடைசியாகக் குடித்த நேரமும் கடைசி சிகரெட் நேரமும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தன. பட்டை அன்றே போடப்பட்டது. எலும்பு கூடியிருந்தது. மார்ஃபின் எப்போதோ நின்றுவிட்டதாலும் கல்லீரல் நொதிகள் இறங்கிவிட்டதாலும் நால்ட்ரெக்சோனுக்கு வழி திறந்திருந்தது. அகாம்ப்ரோசேட்டோடு அதுவும் சேர்க்கப்பட்டது.

ஆறாம் மாதம் பார்த்தபோது ஜிஜிடி சாதாரண எல்லைக்கு அருகில். சிகரெட் நாளைக்கு இரண்டு மூன்று என்று ஒப்புக்கொண்டார். குடி இல்லை என்றார், மனைவியும் தலையாட்டினார். ஐந்து சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்டபோது மூன்று சொன்னார். தையமின் மாத்திரை தொடர்கிறது, வாரெனிக்லின் இரண்டாம் சுற்று ஆரம்பம், நினைவுச் சோதனை மறுபடி ஆறு மாதத்தில்.